மண்வாசனை யாருக்கு?

1

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். வாதத்தைப் பிறகு பார்க்கலாம்.

சில வருடங்களுக்கு முன்பு சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். விவசாயிகளுக்கான ஆப். இலையைப் படம் பிடித்து அனுப்பினால் என்ன பூச்சி, என்ன மருந்து, எத்தனை மில்லி என்று பத்து விநாடியில் பதில் வரும். படத்தைப் பார்த்து அடையாளம் சொல்கிற மாடலை வேறு ஆட்கள் செய்தார்கள். அது சொல்கிற பதிலை வாங்கி எச்சரிக்கையாக மாற்றுகிற பகுதி என்னுடையது. ஒன்றிரண்டு புழு தெரிந்தால் மஞ்சள். கூட்டமாகத் தெரிந்தால் சிவப்பு. சிவப்புக்குக் கீழே மருந்தின் பெயர், அதற்குப் பக்கத்திலேயே ‘வாங்க’ என்றொரு பொத்தான்.

ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் என் மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை இருக்கிறது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். மார்கழிப் பட்டத்தில் விதைத்து, வரப்போரம் சுற்றிலும் ஆமணக்கு ஊன்றியிருந்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். மாசி மாதம் ஒருநாள் காலையில் ஆமணக்கு இலை ஒன்றைப் படம் எடுத்து ஆப்பில் போட்டார். தங்கச்சி மகன் செய்த ஆப் என்கிற பெருமை வேறு. இலை சல்லடையாக அரிக்கப்பட்டிருந்தது, அடிப்பக்கம் நூற்றுக்கணக்கில் குட்டிப் புழுக்கள். ஆப் சிவப்பு காட்டியது. ‘புரோடீனியா. தாக்குதல் கடுமை. உடனே வயல் முழுவதும் தெளிக்கவும்.’

தெளித்தார். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, வெறும் காலோடு, உச்சி வெயிலில், டேங்க் மேல் டேங்க்காக அடித்து முடித்தார். மதியம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது வாந்தி. வாயில் நீர் ஊற்றுகிறது, உடம்பெல்லாம் வியர்வை, கண் மங்கல். “கண்ணுமணி ரெண்டும் கடுகாட்டம் சுருங்கிப்போச்சு தம்பி” என்று அத்தை போனில் அழுதாள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஏற்றிக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, ஆமணக்குச் செடிகளை எல்லாம் பிடுங்கிப் போட்டது. புழுவே அங்கிருந்துதானே வந்தது!

அங்கிருந்து வரவில்லை. அங்கே வரவழைக்கப்பட்டிருந்தது. புரோடீனியா என்று நம் ஊர்க்காரர்கள் சொல்லும் அந்தப் புகையிலை வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்கு மல்லாட்டையைவிட ஆமணக்கு பிடிக்கும். அதனால்தான் மல்லாட்டையைச் சுற்றி ஆமணக்கைப் பொறிப்பயிராக நடச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகம் பல வருடமாகப் பரிந்துரைக்கிறது. முட்டைகளைக் குவியலாக, பழுப்பு மயிரால் மூடி, ஆமணக்கின் அகன்ற இலையில் இட்டுவிட்டுப் போகும். பொரித்த குட்டிகள் சில நாள் அதே இலையில் கூட்டமாக இருக்கும். அந்த இலைகளை மட்டும் கிள்ளி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டால் வேலை பெரும்பாலும் முடிந்தது. விட்டால்தான் வளர்ந்து பிரிந்து போய், பகலில் மண்ணுக்குள் ஒளிந்து, ராத்திரியில் மேயும்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்கள். எங்கள் கதை அதைவிட மோசம். எலி ஏற்கெனவே பொறியில்தான் இருந்தது. பொறி நிறைந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வீட்டைக் கொளுத்தச் சொன்னோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆப் வெளியாவதற்கு முன்பே சோதனைக் குழுவில் ஒரு பெண் கேட்டிருந்தாள்: “வரப்புப் பயிர், பொறிப்பயிர்ப் படங்கள் வந்தால் என்ன செய்வது?” அந்தக் கேள்வி ஒரு டிக்கெட்டாக என் பெயரில் இருந்தது. ‘முன்னுரிமை: குறைவு’ என்று போட்டு மூடியது நான்.

2

இப்போது இலக்கியத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தைப் படிக்கிற நீங்களும் நானும் ஒரு சொல்லால் கெட்டுப்போனவர்கள். மண்வாசனை.

ஒரு நாவலில் நாலு வட்டாரச் சொல், ஒரு ஆயா, ஒரு மழை இருந்துவிட்டால் போதும், மண்வாசனை வீசும் படைப்பு என்று எழுதிவிடுகிறோம். நானும் அப்படி இரண்டு கதை எழுதியிருக்கிறேன். இரண்டிலும் மழை பெய்தது. பெங்களூரில் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, நுகராத வாசனையை நினைவிலிருந்து எடுத்துத் தடவினேன். பாராட்டு வந்தது.

உண்மையில் அந்த வாசனை என்ன? மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள் அதில் முக்கியமானது. எதற்காக உண்டாக்குகின்றன? 2020-இல் வெளியான ஓர் ஆய்வு ஒரு பதிலைத் தந்தது. மண்ணுக்குள் துள்ளித் திரியும் ஸ்பிரிங்டெயில் என்ற பொடி உயிர்கள் அந்த வாசனையைத் தேடி வருகின்றன. வந்து பாக்டீரியாவைத் தின்கின்றன. தின்னும்போது அதன் வித்துகள் உடம்பில் ஒட்டியும், வயிற்றுக்குள் போயும், வேறிடம் போய்ச் சேருகின்றன. அதாவது நம் கவிதைகளின் மண்வாசனை என்பது, ஒரு பாக்டீரியா ரோட்டோரம் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டுவது. நாம் அந்தப் பக்கம் போகிறவர்கள், அவ்வளவுதான். நமக்கு யாரும் கை காட்டவில்லை.

வெட்டிய புல்லின் பச்சை வாசனையும் இதே கதை. இலை கிழிந்த சில விநாடிகளில் வெளியேறும் சிறு மூலக்கூறுகள் அவை. நமக்குக் குளுமை. செடிக்குக் காயம். பக்கத்தில் பறக்கிற பூச்சிக்கு, இங்கே ஏதோ நடந்திருக்கிறது என்ற செய்தி.

நினைவேக்கத்தைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கும் ஊர் ஞாபகம் வரும். கோபம் வேறொன்றின் மேல். வயலின் வாசனையை நம் மன உணர்ச்சியாக மட்டுமே எழுதி எழுதி, அது ஒரு வேலை செய்கிற பொருள் என்பதையே மறந்துவிட்டோம். அந்த மறதியோடு வளர்ந்தவன்தான் நான். பூச்சி என்றதும் கேமராவைத் தேடினேன். மூக்கை நினைக்கவே இல்லை.

ஸ்ரீமுஷ்ணத்துக்காரன் இதை மறந்திருக்கக் கூடாது. எங்கள் ஊர்ச் சாமி பூவராகர், பன்றி. பூமியைத் தோண்டித் தேடுகிற மூக்கு. கோயிலில் கோரைக்கிழங்கில் செய்த பிரசாதம் தருவார்கள், அந்தக் கிழங்குக்கே ஒரு மணம் உண்டு. வயலில் அதே கோரையைப் பார்த்தால் களைக்கொல்லி வாங்க ஓடுகிறோம்.

3

ஓர் அந்துப்பூச்சி இருட்டில் ஆமணக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறது? “பிடித்த வாசனையை நோக்கிப் பறக்கும்” என்று சொல்லிவிட்டால் புரிந்த மாதிரி இருக்கும். ஆனால் காற்றில் வாசனை, தண்ணீரில் கரைந்த சர்க்கரை மாதிரிச் சீராகப் பரவியிருக்காது. ஊதுவத்திப் புகையைப் பாருங்கள். இழை இழையாகப் பிரிந்து, அறுந்து, நடுவில் ஒன்றுமே இல்லாத காற்றோடு போகும். பூச்சியின் உணர்கொம்பில் ஓர் இழை பட்டால் அது காற்றை எதிர்த்து முன்னே பாயும். இழை தவறிவிட்டால் இடமும் வலமுமாக அலைந்து தேடும். மறுபடி பட்டால் மறுபடி பாய்ச்சல். இப்படித் துண்டு துண்டாகக் கிடைக்கிற தகவலை வைத்துத்தான் அது வந்து சேர்கிறது. வந்ததும் உடனே முட்டையிடாது. காலாலும் உணர்கொம்பாலும் இலையைத் தொட்டு ருசி பார்க்கும். பூச்சிகளுக்குக் காலிலும் நாக்கு உண்டு.

அடுத்த கேள்வி, அது எதை மோப்பம் பிடிக்கிறது? ஆமணக்குக்கு மட்டுமே உரிய ஒரு தனி மூலக்கூறையா? சில பயிர்களில் அப்படி உண்டு. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பத்தின் காரநெடி அப்படிப்பட்டது, அதைத் தேடி வருகிற பூச்சிகளும் உண்டு. ஆனால் பெரும்பாலான செடிகள் வெளியிடுவது எல்லாச் செடிகளும் வெளியிடுகிற அதே சரக்குதான். வித்தியாசம் கலவையில், விகிதத்தில். 2010-இல் பிரிட்டனில் அவரைச் செடியின் கறுப்பு அசுவினியை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அவரை வாசனையில் இருக்கும் பொருட்களைத் தனித்தனியாகக் கொடுத்தபோது அசுவினி விலகிப் போனது. அதே பொருட்களைக் கலவையாகக் கொடுத்தபோது தேடி வந்தது.

இது நமக்குப் புரியாத விஷயமில்லை. பெருங்காயத்தை மட்டும் மூக்கருகே காட்டினால் யாரும் முகத்தைத் திருப்புவார்கள். கடுகு வெடித்து, கறிவேப்பிலை பொரிந்து, அதன் மேல் அதே பெருங்காயம் விழுந்தால், தெருமுனையிலேயே தெரியும் யார் வீட்டில் சாம்பார் என்று.

இதிலிருந்து ஒரு முடிவு வருகிறது, என் வாதத்துக்கு இது முக்கியம். பூச்சி எங்கே போகும் என்பது பூச்சியை மட்டும் பொறுத்ததில்லை. அந்த வயலில் வேறு என்னென்ன நிற்கின்றன என்பதையும் பொறுத்தது. ஒரே பயிரை நூறு ஏக்கருக்கு நட்டால், நூறு ஏக்கரும் ஒரே குரலில் ஒரே முகவரியைக் கத்துகிறது. வரப்பில் ஆமணக்கு, ஊடே காராமணி என்றால் பேச்சு கலைகிறது. மல்லாட்டையில் சிவப்புக் கம்பளிப்புழுவுக்குக் காராமணியைப் பொறிப்பயிராகப் போடச் சொல்வது இதனால்தான். எங்கள் ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், செராமிக் சூளைகளுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மல்லாட்டையும் முந்திரியும் அதன் முக்கியமான பயிர்கள். இந்த அறிவு எங்கோ அமெரிக்காவில் இல்லை, டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறது. ஆனால் என் மாமாவின் கையில் இருந்தது என்னுடைய ஆப்.

4

செடி, தின்னப்படும்வரை சும்மா நிற்பதில்லை. 1990-இல் டர்லிங்ஸ், டம்லின்சன், லூயிஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் மக்காச்சோளத்தில் ஒன்றைக் காட்டினார்கள். புழு கடித்த மக்காச்சோளம் புதுசாக ஒரு வாசனையை வெளியிடுகிறது. அதைக் கேட்டு ஒரு குளவி வருகிறது. வந்து அந்தப் புழுவின் உடம்புக்குள் முட்டையிடுகிறது. கத்தியால் கீறினால் இந்த அளவுக்கு வாசனை வராது, கீறிய இடத்தில் புழுவின் எச்சில் பட்டால் வரும். எச்சிலில் இருக்கும் எந்தப் பொருள் அதற்குக் காரணம் என்பதையும் 1997-இல் பிரித்தெடுத்துவிட்டார்கள். நெல்லிலும் இது உண்டு. புகையான் உறிஞ்சிய நெற்பயிரின் வாசனை, புகையான் முட்டைக்குள் முட்டையிடும் ஒரு நுண்குளவியை ஈர்க்கிறது.

இங்கேதான் எனக்குத் தூக்கம் கெட்ட கதை வருகிறது. மக்காச்சோளத்தின் வேரைத் தின்னும் ஒரு வண்டுப் புழு இருக்கிறது. அது கடித்ததும் வேர் கேரியோஃபிலின் என்ற பொருளை வெளியிடும். மிளகிலும் கிராம்பிலும் இருக்கும் அதே சரக்கு. மண்ணுக்குள் இருக்கும் நுண்ணிய நூற்புழுக்கள் அதைத் தேடி வந்து வண்டுப் புழுவைக் கொல்லும். 2005-இல் இதைக் கண்டுபிடித்தவர்கள் கூடவே இன்னொன்றையும் கண்டார்கள். மக்காச்சோளத்தின் காட்டு மூதாதைக்கு இந்தக் குரல் இருந்தது. ஐரோப்பிய ரகங்களுக்கு இருந்தது. பெரும்பாலான அமெரிக்க ரகங்களுக்கு இல்லை. விளைச்சலைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வழியில் எங்கேயோ அது தொலைந்துபோயிருக்கிறது. யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை. அவ்வளவுதான். 2009-இல் ஓரிகானோ செடியின் மரபணு ஒன்றைச் செலுத்தி அந்தக் குரலை ஒரு ரகத்துக்குத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள். வேர்ச்சேதம் குறைந்தது.

என் தொழிலில் இதற்குப் பழக்கமான ஒரு கதை உண்டு. பழைய கோடை வேகமாக்குகிறேன் என்று ஒருவன் நாலு வரியை நீக்குவான். எல்லாச் சோதனையும் பாஸ். ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும், அந்த நாலு வரிதான் அலாரம் அடித்துக்கொண்டிருந்தது என்று. சோதனைப் பட்டியலில் அலாரம் இல்லை, அதனால் அது போனது யாருக்கும் தெரியவில்லை.

2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் படைப்புழு முதன்முதலாக இந்தியாவில் கண்டறியப்பட்டது. அந்த வருடம் முடிவதற்குள் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் மேய்ந்தது. எங்கள் மாவட்டத்தின் மேற்கே வேப்பூர், மங்களூர் பக்கத்து ஆட்கள் அந்த வருடத்தை மறக்கமாட்டார்கள். அவர்கள் வாங்கிய விதைப் பையைத் திருப்பிப் பாருங்கள். முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை செல்லும் என்றெல்லாம் இருக்கும். இந்த ரகம் கடிபட்டால் குரல் கொடுக்குமா, ஊமையா என்று எந்தப் பையிலும் இருக்காது. அது நாம் கேட்காத கேள்வி.

5

இந்த இடத்தில் ஒரு கூட்டம் கைதட்டத் தயாராக இருக்கும். “பார்த்தீங்களா, செடி பேசுது. முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை. எல்லா மருந்தையும் நிறுத்து.” அவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

செடி யாருக்கும் அன்பாகப் பேசவில்லை. அது வெளியிடுகிற வாசனையைக் குளவியும் கேட்கும், புழுவின் தாயும் கேட்கும். நம் முந்திரியையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்டிலும் வேரிலும் துளைக்கும் வண்டு குடைந்து தள்ளுகிற மரத்தூளின் வாசனையே அதே இனத்து வண்டுகளை அந்த மரத்துக்கு இழுக்கிறது. காயம் பட்டதும் உதவிக்குக் கூப்பிடுகிறது என்று உருகுகிறவர்கள், காயம் பட்டதும் திருடனுக்கும் முகவரி போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அறிவியலும் இதில் சறுக்கியிருக்கிறது. அசுவினிகள் ஆபத்தில் வெளியிடும் எச்சரிக்கை வாசனையைக் கோதுமையே வெளியிடும்படி இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வகம் மரபணு மாற்றம் செய்தது. ஆய்வகத்தில் வேலை செய்தது. 2012, 2013 வயல் சோதனைகளில் செய்யவில்லை, அசுவினி குறையவில்லை. தோல்வி என்று அவர்களே பகிரங்கமாக எழுதினார்கள். கென்யாவின் ம்பிட்டாவில் இந்தியாவில் பிறந்த ஜெயாவுர் கானும் ராதம்ஸ்டெட்டின் ஜான் பிக்கெட்டும் வளர்த்த ‘தள்ளு-இழு’ முறை உலகப் புகழ்பெற்றது. மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி, சுற்றிலும் நேப்பியர் புல். செடி வாசனையால் பூச்சியை விரட்டுகிறது, புல் வாசனையால் இழுக்கிறது என்பது விளக்கம். விவசாயிகளுக்குப் பலன் கிடைத்தது. ஆனால் 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, டெஸ்மோடியம் வாசனையால் விரட்டுவதாகத் தெரியவில்லை, அதன் இலை மயிர்கள் குட்டிப் புழுக்களைச் சிக்கவைத்துக் கொல்கின்றன என்கிறது. பலன் அதேதான், காரணம் வேறாக இருக்கலாம். இப்படித் தன்னையே திருத்திக்கொள்கிற பேச்சுக்கும், “அந்தக் காலத்திலேயே எல்லாம் இருந்தது” என்கிற பேச்சுக்கும் நடுவே ஒரு கடல் இருக்கிறது.

அந்தக் கடலுக்கு அப்பால் இலங்கையில் என்ன நடந்தது என்பதும் தெரியும். 2021 ஏப்ரலில் ரசாயன உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் திடீர்த் தடை. பயிற்சி இல்லை, மாற்று இல்லை, அவகாசம் இல்லை. நவம்பருக்குள் பின்வாங்கினார்கள். விலை கொடுத்தது விவசாயி. மருந்தை நிறுத்துவது ஒரு முழக்கமாக இருந்தால் இப்படித்தான் முடியும்.

ஆனால் திட்டமாக இருந்தால்? 1986-இல் இந்தோனேசியா நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. காரணம் ஆன்மிகம் இல்லை. மருந்தடிக்க அடிக்கப் புகையானைத் தின்கிற சிலந்தியும் குளவியும் செத்து, புகையான் பெருகியது என்பதை வயலில் எண்ணிப் பார்த்திருந்தார்கள். பிறகு விவசாயிகளை வயலிலேயே உட்காரவைத்து எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். நெல் அழிந்துபோகவில்லை.

6

இப்போது என் சொந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். விவசாயத்தை ‘டிஸ்ரப்ட்’ செய்யக் கிளம்பியிருக்கும் என் நண்பர்களே, ஒரு கேள்வி. எது விற்குமோ அதைத்தான் நாம் அளக்கிறோம், உண்மையா இல்லையா?

பீகாரின் பூசாவில் 1912-இல் ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கொசுவுக்காகக் கைக்குட்டையில் சிட்ரோனெல்லா எண்ணெய் தடவிய ஒருவரை ஈக்கள் மொய்த்தன. பார்த்தால் அவை பழ ஈக்கள், அதிலும் ஆண்கள் மட்டும். மூன்று வருடம் துருவி, மெத்தில் யூஜினால் என்ற பொருளில் வந்து நின்றார். நம் துளசியிலும் இருப்பதுதான். 1960-களில் பசிபிக் கடலின் ரோட்டா தீவில், அந்தப் பொருளையும் கொஞ்சம் நஞ்சையும் ஊறவைத்த அட்டைத் துண்டுகளைப் போட்டே பழ ஈயை முற்றாக ஒழித்தார்கள். இன்று மாந்தோப்பில் தொங்குகிற பாட்டில் பொறிக்குள் இருப்பது அந்த இந்திய மண்ணின் கண்டுபிடிப்பு. நஞ்சு ஒரு பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது, தோப்பு முழுக்க இல்லை.

இதற்கு ஏன் எந்த ஆப்பிலும் சிவப்பு வெளிச்சம் இல்லை? வரப்பில் ஊன்றுகிற ஒரு பிடி ஆமணக்கு விதைக்கு ‘வாங்க’ பொத்தான் வைத்தால் எவ்வளவு கமிஷன் வரும்? எங்கள் நிறுவனத்தின் வருமானம் மருந்து விற்பனையில் வந்தது. அதை யாரும் ரகசியமாகக்கூட வைத்திருக்கவில்லை. ஊர் உரக்கடையிலும் இதே கதைதான், சீட்டு எழுதுகிறவரும் மருந்து விற்கிறவரும் ஒரே ஆள். நாங்கள் அந்தக் கடையை ஒழிக்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டு அதையே போனுக்குள் வைத்தோம்.

டிரோன் வந்தால் ஆள் நஞ்சைச் சுவாசிக்க வேண்டாமே என்பார்கள். நல்ல வாதம்தான். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாளில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதைக் கேட்டபின் டிரோனைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் அடிக்கவே தேவையில்லாத வயலுக்கு டிரோனில் அடித்தால், அது பாதுகாப்பாகச் செய்யப்பட்ட தப்பு. முதல் கேள்வி எப்படி அடிப்பது என்பதில்லை. அடிக்கவேண்டுமா?

7

என் வாதத்துக்கு எதிராக ஒரே ஒரு வலுவான கேள்வி உண்டு. அதை என் மாமாவே கேட்டார். “இலையைக் கிள்ளணும்னு நீ சொல்லிட்டே மாப்ள. யாரு கிள்றது? ஆள் கூலி என்னா விக்குது தெரியுமா?”

நியாயம். பொறிப்பயிர் என்பது நடுவதோடு முடிகிற வேலை இல்லை. நட்டுவிட்டுக் கவனிக்காமல் விட்டால் ஆமணக்கே புழுவுக்கு நாற்றங்கால் ஆகிவிடும். அவருடைய அப்பா காலத்தில் வீட்டில் ஏழு பேர். பள்ளிக்கூடம் போகும் முன் பிள்ளைகள் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். இன்று அந்தப் பிள்ளைகள் எல்லாம் என்னைப் போல ஊரைவிட்டுப் போய் ஆப் செய்கிறார்கள். பூச்சிமருந்து என்பது பாதி புழுவுக்கு எதிரானது, மீதி எங்கள் இல்லாமையை நிரப்புவது. இதை ஒப்புக்கொள்ளாமல் “இயற்கைக்குத் திரும்புங்கள்” என்று சென்னையில் இருந்துகொண்டு எழுதுவது அயோக்கியத்தனம். யாருடைய முதுகில் ஏறித் திரும்புவது?

அதனால் தனி விவசாயிக்கு அறிவுரை சொல்லப்போவதில்லை. ஒருவர் மட்டும் ஆமணக்கு வைத்துப் பக்கத்துக் கொல்லைக்காரர் மருந்தடித்தால், அவருடைய குளவியும் சாகும். வாசனைக்கு வரப்பு கிடையாது. இது ஊர் சேர்ந்து செய்கிற வேலை, அதற்குப் பொதுப் பணம் வேண்டும். நான் கேட்பது இவை:

மருந்து விற்கிறவர்களும் மருந்து பரிந்துரைக்கிறவர்களும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. கடையாக இருந்தாலும் ஆப்பாக இருந்தாலும், எவர் பணத்தில் இந்த யோசனை வருகிறது என்று முதல் திரையிலேயே போடவேண்டும்.

புது ரகம் வெளியிடும்போது விளைச்சலோடு சேர்த்து, கடிபட்டால் அது எதை வெளியிடுகிறது, யார் வருகிறார்கள் என்பதையும் சோதிக்கவேண்டும். சோதனைப் பட்டியலில் இல்லாத குணம் மெதுவாகத் தொலையும். மக்காச்சோள வேர் அதற்குச் சாட்சி.

முட்டைக்குவியல் பொறுக்குவதும் பொறி பார்த்து எண்ணுவதும் கூலி கொடுக்கிற வேலையாகவேண்டும். ஏரி தூர்வார ஊருக்குப் பொதுப் பணத்தில் கூலி தரலாம் என்றால், பட்டத்துக்கு ஆறு வாரம் பத்துப் பெண்கள் ஊர்க் கொல்லை முழுக்கக் காலையில் ஒரு சுற்று வருவதற்கும் தரலாம். அவர்கள் எண்ணிச் சொல்கிற கணக்கைவிட நல்ல டேட்டா எந்த சாட்டிலைட்டிலும் வராது. என் கூட்டத்துக்கு வேலை வேண்டுமென்றால் அந்தக் கணக்கை எழுதி வைக்க ஓர் எளிய ஆப் செய்து கொடுக்கட்டும். ‘வாங்க’ பொத்தான் இல்லாமல்.

மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து, அளவு மீறினால், அந்த இடத்துக்கு மட்டும், கவசத்தோடு. மாமாவின் கொல்லையில் அன்றைக்கு அந்த அளவு மீறவில்லை.

8

நான் அந்த நிறுவனத்தைவிட்டு வந்துவிட்டேன். தியாகம் ஒன்றும் இல்லை, வேறிடத்தில் சம்பளம் கூட. மாமாவிடம் டிக்கெட் கதையை முழுசாகச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“மருந்து வாடை காரமா மூக்கைப் பிச்சுக்கிட்டு வந்துச்சு மாப்ள. நல்ல மருந்து, அதான் இப்பிடி அடிக்குதுன்னு நெனச்சேன்” என்றார்.

நம் ஊரில் நிறையப் பேர் மருந்தை அப்படித்தான் எடைபோடுகிறார்கள். வாடை தூக்கினால் வீரியம். மொத்தக் கொல்லையிலும் மனிதன் நம்பிய வாசனை அது ஒன்றுதான், அதுதான் அவரைப் படுக்கவைத்தது.

அதற்குப் பிறகு அவர் மருந்து அடிப்பதில்லை. அதாவது, தன் கையால் அடிப்பதில்லை. கூலிக்கு ஓர் ஆளை வைத்தார். அந்த ஆளுக்கும் துண்டுதான், வெறுங்கால்தான். இதை எழுதாமல் விட்டால் கதை எனக்குச் சாதகமாக முடியும் என்பதால் எழுதுகிறேன்.

போன பட்டத்தில் அத்தை சண்டை போட்டு வரப்பில் மறுபடி ஆமணக்கு ஊன்றினாள். தைப்பொங்கலுக்குப் போனவன் நாலு நாள் லீவு சேர்த்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். காலையில் வாளியோடு அவள் பின்னால் போனேன். ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரம். முதல் நாள் மூன்று குவியல், அடுத்த நாள் ஐந்து. எனக்கு இரண்டுதான் தட்டுப்பட்டது, மீதியெல்லாம் அவள் கண்ணுக்கு. மாமா வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராத்திரியில, இருட்டுல, ஒரு பூச்சிக்குத் தெரியுது எது ஆமணக்கு எது மல்லாட்டைன்னு. உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியலியா மாப்ள?”

பதில் சொல்லவில்லை. வாளியில் இலையை அமுக்கிவிட்டு அடுத்த செடிக்குப் போனேன்.